நீ பாஸ் சொன்ன கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

மெல்பர்ன் போய்ச் சேர்ந்த அன்றே நீ கோல் எடுத்து, "அம்மா, யோசிச்சீங்களா?" என்று கேட்டாய். "யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அதன் பிறகு நீ எடுத்தபோதெல்லாம் அதையேதான் சொல்லி வருகிறேன். நீ பொறுமையாகத்தான் கேட்கிறாய். இருந்தாலும் பெற்றவளுக்குப் பிள்ளையின் குரலில் எரிச்சல் ஏறுவது தெரியாமல் போகுமா? தொலைபேசியில் என்னால் இதைப் பேச முடியாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் பேசும்போது அப்பா பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அவரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று அவரை வைத்துக்கொண்டே பேச எனக்கு வாய் வரவில்லை. நீ இங்கே இருந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் அதைத்தான் செய்தோம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திய கை இது, சுருக்கமாக எழுத வராது. ஒரே மூச்சில் படிக்காவிட்டாலும் கடைசி வரைக்கும் படி.

அப்பாவைப் பாரிசவாதம் தாக்கி இரண்டு வருஷமாகிறது. வலக்கையும் பேச்சும் போய்விட்டன. எல்லாச் சொல்லும் போன பிறகு ஒரே ஒரு சொல் மட்டும் ஏனோ மிஞ்சியது உனக்குத் தெரியும். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் "மழை" என்கிறார், வேண்டாமென்றாலும் "மழை" என்கிறார். வெயில் கொளுத்தும் நாளில் விறாந்தையில் உட்கார்ந்து ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டு "மழை, மழை" என்பார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இப்போது இரண்டுமே வருவதில்லை. நான்தான் விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். குரங்கு வந்து வாழைக்குலையைப் பிய்த்துக்கொண்டு போன கதை, பாண்காரன் பிந்தி வந்த கதை, எல்லாவற்றையும் நானே சொல்லி நானே 'அப்படியா' என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாள் முழுக்கத் தன் குரலையே கேட்டுக்கொண்டிருப்பது எப்படிப்பட்டது என்று உனக்கு எப்படிச் சொல்ல? சில நாட்களில் கீழ்வீட்டுக் குசுமாவை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு டவுனுக்குப் போகிறேன். மார்க்கட்டில் வேண்டாத மரக்கறிக்கு விலை கேட்டு, கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டு, வாங்காமலே திரும்பி வருகிறேன். நான் ஒன்று சொல்ல எதிரில் நிற்கும் ஆள் ஒன்று சொல்வது அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆளே இல்லாத வீட்டில்கூட இவ்வளவு தனிமை இருக்காது என்று சில வேளை தோன்றுகிறது.

ஆகவே நீ சொன்னது எனக்குக் கெட்டதாகப் படவில்லை. "அப்பாவ கொழும்புல நல்ல எடமா பாத்து விடுவோம்மா. ராவு பகலா நர்ஸ்மார் இருப்பாங்க. நீங்க என்கூட வந்துருங்க. நீங்களும் விழுந்துட்டீங்கன்னா நான் அங்கருந்து என்னா பண்றது?" என்று கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது. நீ பாசமில்லாத பிள்ளை இல்லை, அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். "அவருக்குத்தான் ஒன்னும் விளங்கலயே, எங்க இருந்தாலும் அவருக்கு ஒன்னுதானே" என்றும் சொன்னாய். நான் "சரி" என்றேன். உடனே சொன்னேன். இந்தக் கடிதம் அந்தச் 'சரி'யைப் பற்றியது.

இதை நீ மருமகளுக்கும் வாசித்துக் காட்டுவாய் என்று நம்புகிறேன். அவளுக்குச் சீட்டு தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், கோபிக்காதே. பிரிட்ஜ் நான்கு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்க, பெரிய சீட்டு போட்டவர் அள்ளுவது ஒரு பிடி. ஆட்டம் தொடங்குவதற்கு முன் 'எங்கள் பக்கம் இத்தனை பிடி எடுக்கும்' என்று ஏலம் கூறவேண்டும். ஆறு பிடிக்கு மேல் எத்தனை என்பதுதான் ஏலத்தில் கூறும் எண், கூடவே ஸ்பேட், ஹார்ட்ஸ் என்கிற நிறங்களில் மற்றதை வெட்டும் துரும்பு எது என்றும், துரும்பே வேண்டாமென்றால் நோ ட்ரம்ப் என்றும் கூறவேண்டும். இருக்கிற பதின்மூன்றில் பன்னிரண்டை எடுப்போம் என்று கூறி எடுத்தும் காட்டினால் அதற்குப் பெயர் ஸ்லாம். அவ்வளவு தூரம் ஏறுவதென்றால் உன் கையில் இருப்பது கூட்டாளிக்கும், அவர் கையில் இருப்பது உனக்கும் தெரிந்தாக வேண்டும். ஆனால் வாய் திறந்து சொல்ல முடியாது, முகத்திலும் காட்டக் கூடாது. ஏலத்துக்கென்று இருக்கிற சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது அதுதான். சீட்டை ஆடி முடிப்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. ஸ்லாமை நோக்கி இரண்டு பேரும் படிப்படியாக ஏறும்போதுதான் அவருக்கு முகம் மலரும்.

நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் பதத்தைப் பார்க்கும் டீமேக்கராக அவர் இருந்தபோதுதான் இதைக் கற்றார். தென்மேல் மழைக்கு மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டால் துரைமாரால் கிளப்புக்குப் போக முடியாது. பங்களாவில் மூன்று பேர் கூடிவிட்டு நான்காவது ஆளுக்குத் தவித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் "டீமேக்கர் ஐயாவ துரை ஒடனே வரச் சொல்றாரு" என்று ஆள் வந்ததும், தூளில் ஏதோ பிழை வந்துவிட்டது என்று பயந்து அப்பா நனைந்துகொண்டே ஓடினாராம். "கணக்குக் கூட்டத் தெரியும்தானே, ஒக்காரு" என்று துரை கதிரையைக் காட்டியிருக்கிறார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் துரையே இவரைக் கூட்டாளியாகக் கேட்டு வாங்குமளவுக்குத் தேறிவிட்டார். வெயில் வந்தது, ரோடு திறந்தது, துரைமார் கிளப்புக்குப் போனார்கள். டீமேக்கரை அங்கே யார் ஏற்றுவார்கள்? கூப்பிடுவது நின்றுவிட்டது. அப்பா அதற்காக யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டவுனிலிருந்து ஒரு கட்டுச் சீட்டு வாங்கி வந்து என் முன்னால் வைத்து, "நீ படிச்சிக்க" என்றார், அவ்வளவுதான்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இல்லை. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவர் விடியுமுன் தொழிற்சாலைக்குப் போகிறவர். உப்புப் போதுமா, வெந்நீர் வைக்கவா, இவைதான் எங்கள் பேச்சு. அவருக்கு என்னிடம் பேச வெட்கம், எனக்கு அவரிடம் பயம். சீட்டு வந்த பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்து நீளமாக ஒன்று பேசினார். "இங்க பாரு, நான் நாலு நோ ட்ரம்ப்னு சொன்னா, நோ ட்ரம்ப் ஆடப் போறேன்னு நெனச்சிறாத. ஒன் கையில எத்தன ஏஸ் இருக்குன்னு கேக்குறேன். ஒன்னும் இல்லாட்டி அஞ்சு க்ளப்ஸ்னு சொல்லு. ஒன்னு இருந்தா அஞ்சு டயமண்ட்ஸ், ரெண்டு இருந்தா அஞ்சு ஹார்ட்ஸ். எத வேணும்னாலும் சொல்லு, பாஸ் மட்டும் சொல்லிறாத."

"கையில ஒன்னுமே இல்லாட்டியுமா?" என்று கேட்டேன்.

"ஒன்னுமே இல்லாட்டிதான் கட்டாயம் சொல்லணும். கேட்டவன் அங்க தனியா நிக்கிறான்ல."

உன் தங்கை பிறந்த வாரத்திலேயே போனாளே, அதன் பிறகு நான் யாரோடும் பேசாமல் கிடந்தேன். நீ சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. அப்பா வேலை முடிந்து வந்ததும் கட்டில் பக்கத்தில் நின்று, "இன்னைக்கி எப்படி இருக்க?" என்று கேட்பார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மறுநாளும் வந்து கேட்பார். வேறு ஆறுதல் ஒன்றும் சொல்லத் தெரியாத மனிதர். கடைசியில் ஒரு நாள் தாங்க முடியாமல், "என்கிட்ட ஒன்னுமே இல்ல, போங்க" என்று கத்தினேன். "சரி, சொன்னியே, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். உன் வீட்டிலும் மருமகள் ஏதாவது கேட்கும் நாள் வரும், உன்னிடம் பதிலே இல்லாத நாளாகவும் அது இருக்கும். அப்போது இல்லை என்றாவது சொல். ஃபோனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே.

பாரிசவாதத்துக்குப் பிறகு நம் வீட்டில் மறுபடி சீட்டு விழும் என்று நான் நினைக்கவில்லை. அது தாஹிர் சேரின் வேலை. கம்பளையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், நாங்கள் கண்டிக்கு வந்த நாளிலிருந்து வியாழக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து ஆடுகிறவர். அவரும் கீழ்வீட்டுக் குசுமாவும் ஒரு பக்கம், அப்பாவும் நானும் ஒரு பக்கம். குசுமா நர்ஸாக இருந்தவள், சிங்களமும் அரைகுறைத் தமிழுமாக நாள் முழுக்கச் சிரிக்கிறவள். "பேச்சு இல்லாட்டி என்ன டீச்சர், இப்ப கிளப்புலயும் ஒத்தரும் வாயால செல்றதில்லதானே" என்று தாஹிர் சேர் நான்கு சின்னப் பெட்டிகள் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஏலமும் அச்சடித்த அட்டைகள் அவற்றில் வரிசையாக நிற்கும், வேண்டியதை இழுத்து மேசையில் வைக்கவேண்டியதுதான். ஒரு கையால் பதின்மூன்று சீட்டை எப்படிப் பிடிப்பது? நான் புதுச் சப்பாத்துப் பிரஷ் ஒன்றை மல்லாத்தி வைத்து, அதன் தும்புகளுக்கிடையே சீட்டுகளைச் செருகிக் கொடுத்தேன். அப்பா இடக்கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நிறம் பிரித்து, மறுபடி செருகினார். வெகுநேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பெட்டியிலிருந்து ஒரு அட்டையை இழுத்தார். அந்தக் கைக்கு அதுதான் சரியான ஏலம். "ஹரி ஷோக், மஹத்தயா!" என்று சிங்களத்தில் மெச்சிக் குசுமா கைதட்டினாள். அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் எனக்கு என் புருஷனோடு பேச்சு இருந்தது. மற்ற நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்டால் அதுதான் பதில்.

நீ வந்திருந்தபோது குசுமா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆள் குறைந்ததால் நீ அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாய், நான் தாஹிர் சேரோடு சேர்ந்து உங்களுக்கு எதிராக ஆடினேன். அன்று காலையில் அப்பா தாடையைத் தடவித் தடவிக் காட்டினார். சவரம் பண்ணிவிட்டேன். அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையைக் காட்டினார். போட்டுவிட்டேன். நீ இதையெல்லாம் கவனிக்கவில்லை, அவசரமாக யாருக்கோ மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தாய். அப்பா ஒரு ஸ்பேட் என்று தொடங்கினார். நீ மூன்று ஸ்பேட் வைத்தாய். அப்பா தன் சீட்டுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடக்கையை நீட்டி நாலு நோ ட்ரம்ப் அட்டையை எடுத்து, நேராக உன் பக்கம் திருப்பி வைத்தார்.

நீ அந்த அட்டையைப் பார்த்தாய், அப்பாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாய். உன் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். பெட்டியில் நாலு ஸ்பேடுக்கு அடுத்த அட்டை நாலு நோ ட்ரம்ப். கை நடுங்கி ஒன்றுக்கு மற்றது வந்துவிட்டது, பாவம், திருத்தப் போனால் வெட்கப்படுவார் என்று நினைத்தாய். பாஸ் அட்டையை எடுத்து மெதுவாக வைத்தாய். இரக்கப்பட்டுத்தான் வைத்தாய். எதிர்ப்பக்கத்தில் இருந்த எனக்கு வாய் திறக்க உரிமையில்லை, ஏலம் நடக்கும்போது மூச்சு விடுவதைக்கூட அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆட்டம் அப்பா கைக்குப் போனது. அந்த மாதிரி வேளையில் கூட்டாளி தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருப்பதுதானே முறை? நீ விரித்தாய். அதற்குள் உனக்குக் கோல் வந்தது, எழுந்து விறாந்தைக்குப் போய்விட்டாய்.

நீ பார்க்காததை இப்போது சொல்கிறேன். நீ விரித்த சீட்டில் இரண்டு ஏஸ் இருந்தன. அப்பா எழும்பாமல் உடம்பைச் சாய்த்து, இடக்கையை மேசைக்குக் குறுக்கே நீட்டி ஹார்ட்ஸ் ஏஸைத் தொட்டார். "மழை" என்றார். பிறகு டயமண்ட்ஸ் ஏஸைத் தொட்டார். பிறகு உன் வெறும் கதிரையைப் பார்த்தார். என் கையில் க்ளப்ஸ் நிறைய இருந்தது, துரும்பு இல்லாத ஆட்டத்தில் அவரிடம் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. தாஹிர் சேரும் நானும் முதல் ஐந்து பிடிகளையும் அள்ளினோம். அப்பா அந்த ஐந்துக்கும் தன் சீட்டைக் கழித்தார். முடிந்த பிறகு நான்கு கைகளையும் விரித்துப் பார்த்தோம். நீ அன்று அஞ்சு ஹார்ட்ஸ் என்று சொல்லியிருந்தால் அப்பா ஆறு ஸ்பேட் கூறியிருப்பார். நாங்கள் எடுத்திருக்கக் கூடியது ஒரே ஒரு க்ளப்ஸ், அடுத்ததை அப்பா ஸ்பேடால் வெட்டியிருப்பார், மீதிப் பன்னிரண்டும் உங்களுக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஆடியிருந்தாலும் ஸ்லாம் வந்திருக்கும்.

நீ திரும்பி வந்து அப்பாவின் தோளைத் தட்டி, "பரவால்லப்பா" என்றாய். தாஹிர் சேர் தயங்கித் தயங்கி, "மகன், அது கை தவறினது மாதிரி இல்ல. ஐயா கேட்டது போலதான் இரிக்கி" என்றார். "இல்ல சேர், ரெண்டு அட்டயும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு" என்று நீ சிரித்தாய். பிறகு குசினியில் வந்து என்னிடம், "பாத்தீங்கதானே அம்மா" என்றாய். அப்போதுதான் கொழும்புக் கதையை எடுத்தாய்.

தம்பி, நான் பார்த்தேன். அவர் கேட்டது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சரி என்றேன். கை தவறியதாகவே இருக்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவருக்கு விளங்கவில்லை என்றால் நான் விட்டுவிட்டு வரலாம். விளங்குகிறது என்றால் எப்படி வருவேன்? அந்த ஒரு நிமிஷத்தில் என் மனம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது என்று நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. நீ தெரியாமல் பாஸ் சொன்னாய். நான் தெரிந்துகொண்டு சொன்னேன். குசினிக்கும் அவர் கதிரைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது என்பதும் நமக்கு அப்போது நினைவில்லை.

நீ போன பிறகு குசுமா வந்துவிட்டாள், பழையபடி வியாழக்கிழமை ஆட்டம் தொடங்கியது. அப்பா ஒழுங்காகத்தான் ஆடினார். முதலில் கவனித்தது தாஹிர் சேர். "டீச்சர், ஐயா இப்ப கேக்கிறதே இல்ல, பாத்தீங்களா?" என்றார். அதன் பிறகுதான் நானும் பார்த்தேன். நல்ல நல்ல சீட்டாக வருகிறது. நான் மூன்றுக்கு உயர்த்துகிறேன். அவர் நாலு ஸ்பேட், நாலு ஹார்ட்ஸ் என்று வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். வேண்டியது பத்துப் பிடி, எடுப்பது பன்னிரண்டு. முன்பெல்லாம் இப்படி ஒரு ஸ்லாமைத் தவறவிட்டால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது அவருக்கு. இப்போது சீட்டுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு மலையைப் பார்க்கிறார். கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்று முடிவெடுத்துவிட்டார். இந்த வீட்டில் தனிமையாக இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை அவர் ஒரு ஹார்ட் என்று தொடங்கினார். என் கையில் சொல்லும்படி ஒன்றுமில்லை, ஒரு கிங், ஒரு ஜாக், மிச்சம் சில்லறைச் சீட்டு. பாஸ் சொல்லவேண்டிய கை. நான் நாலு நோ ட்ரம்ப் அட்டையை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. குசுமா ஏதோ சொல்ல வாயெடுக்க, தாஹிர் சேர் விரலை உயர்த்தித் தடுத்தார். அப்பாவின் கை பெட்டிக்குப் போனது, நின்றது, மறுபடி போனது. அஞ்சு ஹார்ட்ஸ். இரண்டு ஏஸ் இருக்கிறது என்றார். இருந்தது. பன்னிரண்டு பிடிக்கு வழியில்லை என்று தெரிந்தும் நான் ஆறு ஹார்ட்ஸ் வைத்தேன், என் சீட்டுகளை அவர் முன்னால் விரித்தேன். அந்தப் பரிதாபமான கையைப் பார்த்ததும் அவர் தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தேன். இருமல் இல்லை, சிரிக்கிறார். இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஆடி, நான்கு பிடி குறைந்து தோற்றார். "யா அல்லாஹ், இந்தக் கைய வெச்சிக்கிட்டு எப்பிடி டீச்சர் கேட்டீங்க?" என்றார் தாஹிர் சேர். "கேக்கணும் போல இருந்திச்சு சேர்" என்றேன்.

உன்னோடு வர எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. நிறைய ஆசை இருக்கிறது. காலையில் எழுந்ததும் 'அம்மா, தேத்தண்ணி போடவா?' என்று ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும் என்று நான் நினைக்காத நாளில்லை. இருந்தாலும் நான் வரவில்லை. அவரையும் எங்கும் அனுப்பவில்லை. என்னால் தூக்க முடியாத நாள் வரும்போது உனக்குச் சொல்கிறேன், ஒளிக்க மாட்டேன். அதுவரைக்கும் பகலில் துணைக்கு இருக்க ஒரு பிள்ளையைக் குசுமா பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ கவலைப்படுவாய், கோபமும் படுவாய். படு. ஆனால் நான் நல்லா இருக்கேன் என்று இனிமேல் உன்னிடம் பொய் சொல்வதாக இல்லை. எனக்குத் தனிமைதான், தம்பி. அது போகாது என்று தெரிந்தே இருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். லீவு கிடைத்ததும் வா, ஒரு வியாழக்கிழமையும் சேர்த்து நில். ஃபோனை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார். அவர் உன்னிடம் கேட்பார் என்று எதிர்பார்த்திருக்காதே. என்னிடமே இன்னும் கேட்கவில்லை, போன வாரம் பதில் மட்டும்தான் சொன்னார். நல்ல கை வரட்டும் என்றும் காத்திருக்காதே, உன்னிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த நாலு நோ ட்ரம்ப் அட்டையை எடுத்து அவர் பக்கம் திருப்பி வை. வைத்துவிட்டுப் பொறுமையாக இரு, அவர் கை மெதுவாகத்தான் போகும். நீ கேள், தம்பி. அவர் பதில் சொல்வார்.

அம்மா